ஜி வரிசையிலிருந்து ஒரு மலர்வளையம்

அப்பாவை அடக்கம் செய்யும் நாள். காலையில் சாண்ட்விச்சுகளை அடுக்கி ஈரத்துணி போட்டு மூடிக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. திறந்தால் ஆலெட் நிற்கிறான். கையில் மலர்வளையம். அத்தனையும் ஆரஞ்சுப் பூ. எங்கள் ஊரில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு குடையைக்கூட யாரும் பிடிக்க மாட்டார்கள்.

எங்கள் ஊர் க்வம்ஹெலிக்கின் நிறம் பச்சை. ஆரஞ்சு, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ட்ரெவாவுரின் நிறம். நூறு வருஷமாக ரக்பியில் அடித்துக்கொண்ட ஊர்கள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ரக்பி மேலிடம் இரண்டு அணிகளையும் ஒன்றாக்கி, கெஸ்ட்ரல்ஸ் என்று பெயர் வைத்தது. பாதி உங்களுக்கு, பாதி அவர்களுக்கு என்றார்கள். ஒரே வருஷத்தில் எங்கள் பாதியையும் ட்ரெவாவுர் கார் வியாபாரி ஒருவர் வாங்கிவிட்டார். மைதானம் அங்கே, நிறம் அவர்களுடையது. எங்களுக்கென்று மிஞ்சியது சட்டைக் காலரின் உட்பக்கம் ஒரு பச்சைக் கோடு. அன்றைக்கு கிளப்பில் மேஜை மேல் ஏறி நின்று, "நம்ம ஊர்ல பொறந்தவன் எவனும் அந்த மலையைத் தாண்டக் கூடாது" என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்கியவர் என் அப்பா ஹேடன்.

அந்தச் சத்தியத்தை முழுசாக நம்பியவர் பக்கத்து வீட்டு க்விலிம் மாமா. அவருடைய ஒரே மகன்தான் ஆலெட். வேறெங்கும் வேலை கிடைக்காமல் கெஸ்ட்ரல்ஸ் மைதானத்தில் கேட் காக்கும் வேலைக்குப் போனான். மாமா அவன் பையைத் தூக்கித் தெருவில் வைத்தார். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டு வருஷத்துக்கு முன் ஆலெட்டின் அம்மா இறந்தபோது ஆலெட் கல்லறை வாசலுக்கு வெளியே மழையில் நின்றான். மாமா இரண்டு தடவை அந்தப் பக்கம் திரும்பினார். இரண்டு தடவையும் என் அப்பா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். நானே பார்த்தேன். தாங்கிப் பிடிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

வளையத்தில் செருகியிருந்த அட்டையைப் படித்தேன். 'எங்கள் ஹேடனுக்கு. கெஸ்ட்ரல்ஸ் மைதானம், தெற்கு ஸ்டாண்ட், ஜி வரிசை நண்பர்கள். இடைவேளையில் இனி எங்களுக்கு யார் கேக் தருவார்?'

"ஆள் மாறிப்போச்சு ஆலெட். வேற ஹேடனா இருக்கும்."

"உங்கப்பாதான் ரீயன். பதினாலு வருஷமா என் கேட் வழியாத்தான் வருவார். தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டு."

ஒன்று விட்டு ஒரு சனிக்கிழமை அப்பா பஸ் ஏறி, கடற்கரைப் பக்கம் இருக்கும் பெத்தி அத்தையைப் பார்க்கப் போவார். தேநீரில் ஊறவைத்த திராட்சை போட்டு நான் ஒரு கேக் செய்து கொடுத்து அனுப்புவேன். அத்தை ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. திமிர் பிடித்தவள் என்று நான் திட்டாத நாளில்லை.

"முதல் நாளே என் கையைப் பிடிச்சுக்கிட்டார். 'உங்கப்பன்கிட்ட சொல்லிடாதடா, தாங்க மாட்டான்'னார். எங்கப்பாதான் என்கூடப் பேசறதே இல்லையே, எப்படிச் சொல்வேன்னேன். அதுக்குச் சிரிச்சார்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நீ கிளம்பு. மாமா பதினோரு மணிக்கு வர்றார்" என்றேன்.

"தெரியும். தேவாலயத்துல கடைசி பெஞ்சுல உக்காந்துக்கறேன். அதுக்காவது விடுவார் இல்ல?"

வளையத்தைக் குளியல் தொட்டியில் வைத்துக் கதவைச் சாத்தினேன். அட்டையைக் கிழித்துப் போடக் கையில் எடுத்தேன். ஏனோ கவுன் பையில் போட்டுக்கொண்டேன்.

மாமா சொன்ன நேரத்துக்கு வந்தார். எழுபத்தாறு வயதிலும் பனைமரம் மாதிரி நிமிர்ந்த உடம்பு. சவப்பெட்டியைச் சுமக்கும் ஆறு பேரில் தானும் ஒருவன் என்று அடம்பிடித்திருந்தார். பெட்டி மேல் போர்த்துவதற்காக ஒரு பழைய பச்சை மஃப்ளரை நான்காக மடித்துக் கொண்டுவந்திருந்தார்.

"பேப்பர் பாத்தியா? கார்க்காரன் கையை விரிச்சுட்டான். இந்த சீசனோட கெஸ்ட்ரல்ஸை மூடறாங்களாம். இன்னும் பத்து நாள் இருந்திருந்தா உங்கப்பன் சந்தோஷத்துல குதிச்சிருப்பான்."

நான் டீயை வைத்தேன்.

"சத்தியம் பண்ணப்போ நூத்தி இருபது பேர் இருந்தோம் கண்ணு. ஒவ்வொருத்தனா நழுவிட்டான். கடைசி வரைக்கும் மலையைத் தாண்டாதவங்க நாங்க ரெண்டு பேர்தான்."

இதோடு அவர் நிறுத்தியிருந்தால் நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். செத்தவருக்கு ஒரு பெயர் இருக்கிறது, இருக்கட்டும், யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் அந்த நிமிஷம் வரை நினைத்தேன்.

"அவன் மட்டும் இல்லன்னா நான் எப்பவோ உடைஞ்சிருப்பேன்" என்றார் மாமா. "அவளைப் புதைச்ச அன்னிக்குப் பையன் வெளியில நின்னான் பாரு. கூப்பிடத்தான் போனேன். உங்கப்பன்தான் பிடிச்சு நிறுத்தினான். 'இவ்வளவு நாள் தாங்கிட்டோம் க்விலிம், இப்போ போயி விட்டுக் கொடுக்காதே'ன்னான். நல்லவேளை."

அந்த அடக்கத்துக்கு முந்தின சனிக்கிழமைகூட நான் கேக் செய்து கொடுத்திருக்கிறேன். பையிலிருந்து அட்டையை எடுத்து டீக்கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். குளியலறைக் கதவைத் திறந்து விட்டேன்.

மாமா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். எழுந்து போய்த் தொட்டியைப் பார்த்தார். ஆரஞ்சுப் பூக்களுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். என் அப்பாவைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் சேர்ந்து திட்டியிருப்பேன்.

"எத்தனை வருஷம்?"

"பதினாலு, மாமா."

"எந்த கேட் வழியா போனான்?"

"ஆலெட் நிக்கிற கேட்."

"அப்போ இவன் பதினாலு வருஷமா என் பையனைப் பாத்துக்கிட்டிருந்திருக்கான்" என்றார். பச்சை மஃப்ளரை எடுத்துக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு, டீயைத் தொடாமல் போய்விட்டார்.

தேவாலயத்துக்கு வர மாட்டார் என்று நினைத்தேன். வந்தார். முதல் வரிசையில் உட்கார்ந்து, எந்தப் பாட்டுக்கும் வாய் திறக்கவில்லை. அப்பாவின் பெட்டி மேல் நான் வாங்கிய வெள்ளை லில்லி மட்டும் கிடந்தது. பச்சையும் இல்லை, ஆரஞ்சும் இல்லை. போதகர் அப்பாவின் உறுதியைப் பற்றிப் பேசினார். நான் என் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெட்டியைத் தூக்கும் நேரத்தில் ஒரு ஆள் குறைந்தது. ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டுவிட்டது. அடக்க ஏற்பாடு செய்பவர் வெளியூர்க்காரர், எங்கள் கதை எதுவும் அறியாதவர். பெட்டி சாயாமல் இருக்க எதிரெதிரே நிற்பவர்கள் ஒரே உயரம் இருக்க வேண்டும் என்பது அவர்கள் தொழிலில் பாலபாடம். முன்பக்கம் நின்ற க்விலிம் மாமாவைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். கடைசி பெஞ்சில் ஒருவன் உட்கார்ந்தபடியே எல்லோரையும்விட உயரமாகத் தெரிந்தான்.

"சார், நீங்க கொஞ்சம் வாங்க" என்றார்.

ஆலெட் என்னைப் பார்த்தான். வா என்று தலையை அசைத்தேன். அவன் வந்து பெட்டியின் முன்பக்கம், மாமாவுக்கு எதிரே நின்றான். மாமா முன்னால் தெரிந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோள்ல ஏத்துங்க. அப்படித்தான். இப்போ எதிர்ல இருக்கறவர் தோள்ல கையைப் போட்டு இறுக்கிப் பிடிச்சுக்கங்க. படி இறங்கணும்."

பின்னால் இருந்த நாலு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள். ஆலெட்டின் கை பெட்டிக்கு அடியில் நீண்டு தன் அப்பாவின் தோளைப் பற்றியது. நான் பின்னால் போகாமல் பக்கவாட்டில் நடந்தேன். என் அப்பா அந்தப் பெட்டிக்குள் இருக்கிறார் என்பதே எனக்கு மறந்துவிட்டது. மாமாவின் உள்பக்கத்துக் கை மட்டும் அப்படியே கீழே தொங்கியது. பைக்கு வெளியே பச்சை மஃப்ளரின் நுனி ஆடியது.

வெளியே தூறல். ஆறு படிகள், எல்லாம் ஈரம். முதல் படியில் பெட்டி முன்பக்கம் சரிந்தது. "அப்பா, பிடிங்க" என்றான் ஆலெட், தாழ்ந்த குரலில்.

மாமாவின் கை மகனின் தோளை நோக்கிப் பாதி வரை உயர்ந்து அங்கேயே நின்றது, விரல்கள் விரிந்தபடி. அடுத்த படிக்கு அவர் காலைத் தூக்கினார்.