ஏழு மாத வாடகை

அந்த அறையில் அவனுக்குக் கணக்கப்பிள்ளை என்று பெயர். உடன் தங்கியிருந்த சமையல் மாஸ்டர் வைத்த பெயர் அது. பஸ்ஸில் போனால் எவ்வளவு, நடந்து போனால் எவ்வளவு மிச்சம் என்று இரண்டையும் போனில் குறித்து வைக்கிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவது என்பார் மாஸ்டர்.

"யோவ் கணக்கப்பிள்ளை, மூச்சு விடுறதுக்கும் ஒரு கட்டம் போட்டு வச்சிருக்கியாய்யா?"

"அது இலவசம் மாஸ்டர். கட்டம் எதுக்கு?" என்பான் அவன்.

ஒரு குளிர்பதனக் கிடங்கில் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுவது அவன் வேலை. பெட்டி பெட்டியாக வரும் பழத்தையும் மீனையும் உறைந்துபோகும் குளிருக்குள் அடுக்கிவிட்டு வர வேண்டும். வெளிநாட்டுக்கு வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. ஊரில் மனைவியும் ஏழு வயது மகளும் வாடகை வீட்டில் இருந்தார்கள். முன்பு அங்கே அவன் பார்த்த வேலை திடீரென்று போனபோது, வாடகைப் பாக்கிக்காக வீட்டுக்காரர் வாசலில் நின்று தெருவே கேட்கும்படி சத்தம் போட்டார். குழந்தை பயந்துபோய் அவன் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. வாடகை மட்டும் யாருடைய தயவும் இல்லாமல் தானாக வந்துவிட வேண்டும் என்று அன்றைக்கே அவன் மனதில் விழுந்துவிட்டது.

அதற்காகத்தான் இந்தச் சிக்கனம். மாதாமாதம் மிச்சம் பிடித்து நல்ல கம்பெனிப் பங்குகளாக வாங்கிப் போட்டான். அதில் கம்பெனி தருகிற லாபத் தொகையான டிவிடெண்டைத் தொடாமல் அதற்கும் பங்கே வாங்கினான். ஒரு வருட டிவிடெண்ட் எப்போது பன்னிரண்டு மாத வாடகைக்கு ஈடாகிறதோ, அப்போது ஊர் திரும்புவது என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்திருந்தார்கள். முதல் வருடம் வந்த தொகையில் இரண்டு டீ குடிக்கலாம். அதற்கே சந்தோஷம் தாங்காமல் போன் பண்ணி, "சும்மா கிடந்த காசு நமக்கு டீ வாங்கிக் குடுத்திருக்கு" என்றான். நான்காவது வருடம் ஏழு மாத வாடகை தேறியது.

வரவும் செலவும் இரண்டு பேர் போனிலும் தெரிகிற ஒரே ஷீட்டில் இருந்தன. சாப்பாட்டுக்கு ஒரு கட்டம், போக்குவரத்துக்கு ஒன்று, எதிலும் சேராததற்கு 'இதர' என்று ஒன்று. வாங்கிய சாமானின் பெயரையும் பக்கத்தில் எழுதிவிடுவான்.

அவன் மனைவி வீடு வீடாகப் போய்க் கரண்ட் மீட்டர் ரீடிங் எடுக்கிறவள். எந்த வீட்டில் விருந்தாளி வந்திருக்கிறார்கள், எந்த வீட்டில் ஆள் படுத்த படுக்கையாக இருக்கிறார்கள் என்பதை எண்ணை வைத்தே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் ஒரு விடுமுறை நாள் மதியம், வீடியோ காலில் அவன் முகம் தெரிந்ததும் கேட்டாள்.

"என்னங்க, இப்பல்லாம் கடலை வாங்குறதில்லையா?"

"விலை ஏறிப்போச்சு."

"போன வாரம் வாழைப்பழம், பாலு, பிரெட்டு. அதுக்கு முந்தின வாரமும் அதேதான். ரெண்டு மாசமா கடிச்சுத் திங்கிற சாமான் ஒண்ணுகூட ஷீட்டுல இல்ல. இதரன்னு மட்டும் போட்டு, பேரு எழுதாம நாலு நாளைக்கு ஒருக்கா ஒரே தொகை வருது. அது என்ன?"

அவன் கை தானாகத் தாடைக்குப் போனது.

"பல்லா?"

"லேசா வலி. மாத்திரை போட்டா அடங்கிரும்."

கட்டிலில் படுத்திருந்த மாஸ்டர் எழுந்து உட்கார்ந்தார். "லேசாவாம்! தங்கச்சி, ஒரு கையால தாடையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அந்தக் குளிருக்குள்ள வண்டி ஓட்டுறான். நான் வடிக்கிற சோத்தக்கூட மென்னு திங்க முடியல. டாக்டர்கிட்ட போடான்னா கணக்குச் சொல்றான்."

"என்ன கணக்கு?" என்றாள் அவள்.

அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "விசாரிச்சேன். ரெண்டரை மாச வாடகை ஆகும்ங்கிறாங்க. இந்த மாசம் வர்ற டிவிடெண்டு மொத்தமும் அதுக்கே போயிரும். அப்புறம் நான் வர்றது தள்ளிப்போகும்."

"எத்தனை நாளு?"

"இருபது நாளு."

அவள் முகம் மாறியது. "இருபது நாளா? இருபது நாளுக்காகவா ரெண்டு மாசமா வலியைப் பொறுத்துக்கிட்டு இருக்கீங்க?"

"உனக்கு அது இருபது நாளு. இங்க…" என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை.

அவள் மெதுவாகச் சொன்னாள். "நான் தினமும் வேலை முடிஞ்சு வந்து, செருப்பக்கூடக் கழட்டாம அந்த ஷீட்டத்தான் திறக்குறேன். டிவிடெண்டு எவ்வளவு வந்துச்சுன்னு பாக்க இல்லங்க. நீங்க என்ன சாப்பிட்டீங்கன்னு பாக்க. அதுலயே எங்கிட்ட மறைச்சா நான் வேற எதைப் பாக்குறது?"

சொல்லிவிட்டு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவன் போனைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். மாஸ்டர் தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே போய்விட்டார்.

மறுநாளே லீவு சொல்லிவிட்டுப் பல் டாக்டரிடம் போனான். நாள் கடத்தியதால் ஒரு பல்லைக் காப்பாற்ற முடியவில்லை. பிடுங்கிவிட்டு, பக்கத்துப் பல்லுக்கு வைத்தியம் பார்த்தார்கள். பணம் கட்டும்போது கை தயங்கியது. ஆனாலும் கட்டினான். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து மனைவியை வீடியோ காலில் கூப்பிட்டான். மரத்துப்போன வாயில் ஒரு வார்த்தையும் உருப்படியாக வரவில்லை. எப்போதும் எண்களை வாசித்துக்கொண்டே போகிறவன் அன்று "ம்ம்" மட்டும் கொட்டினான். பேச்சை அவள் எடுத்துக்கொண்டாள். மேட்டுத் தெருவில் நாய் துரத்தியது, மகள் பரீட்சையில் படம் வரைந்து வைத்தது, குழாயில் ஒழுகுவதைத் தானே கயிறு சுற்றி நிறுத்தியது என்று அரை மணி நேரம் பேசினாள். நான்கு வருடத்தில் இதையெல்லாம் கேட்க நேரம் ஒதுக்கியதே இல்லை என்று அவனுக்குத் தோன்றியது.

மகள் போனைப் பிடுங்கினாள். "அப்பா, வாயைத் திற. ஒண்ணுதானா? எனக்கு நாலு விழுந்துச்சு. காசே ஆகல!"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. எச்சில் ஒழுக, கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பக்கத்தில் நின்றிருந்த பெண் தன் பையிலிருந்து ஒரு காகிதக் கைக்குட்டையை எடுத்து நீட்டினாள்.

அந்த வார விடுமுறையில் ஷீட்டைத் திறந்தவன் திடுக்கிட்டு ஊருக்குப் போன் போட்டான்.

"இலக்குல பன்னெண்டு மாசம்னு இருந்துச்சே. ஒன்பதுன்னு யாரு மாத்துனது?"

"நான்தான்."

"மிச்சம் மூணு மாச வாடகை?"

"என் சம்பளத்துல கட்டுறேன். நீங்களும் வந்து சும்மா கால் ஆட்டிக்கிட்டா இருக்கப் போறீங்க? ஏதாவது வேலைக்குப் போவீங்கல்ல?"

"அந்த வீட்டுக்காரர் மறுபடி வாசல்ல வந்து நின்னாருன்னா?"

"நிக்கட்டும். அன்னிக்கு நீங்க தனியா நின்னு பேச்சு வாங்குனீங்க. இப்ப நானும் கூட நிப்பேன்ல?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மனதுக்குள் கணக்குப் போட்டான். ஒன்பது என்றால் ஒரு வருடம். பன்னிரண்டு என்றால் இரண்டரை வருடம். எண்ணை அவன் மாற்றவில்லை.

சொன்னபடி ஒரு வருடத்தில் ஊர் வந்து சேர்ந்தான். மாஸ்டர் விமான நிலையம்வரை வந்து பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். இப்போது ஒரு காய்கறி மொத்தக் கடையின் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறான். சம்பளம் அங்கே வாங்கியதில் கால்வாசிகூட இல்லை. டிவிடெண்ட் வந்திருப்பதாகப் போனில் செய்தி வந்தால், மகள்தான் அதைச் சத்தமாக வாசிக்கிறாள். அதை எடுத்து வாடகைக்குக் கொடுப்பதா, மறுபடியும் பங்காக வாங்கிப் போடுவதா என்று ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னச் சண்டை நடக்கும். சண்டை முடிவதற்குள் மனைவிக்கு வேலைக்கு நேரமாகிவிடும். அவன் அவளுக்குச் சோறு கட்டிக் கொடுத்து, தெருமுனைவரை கூடவே நடந்து போய் விட்டுவிட்டு வருவான்.