கறுத்த முட்டைகள்

என் வீட்டுக்காரர் கூலிக்கு மருந்தடிப்பவர். சுற்றுவட்டாரத்தில் யார் தோட்டத்தில் பூச்சி விழுந்தாலும் முதலில் இவரைத்தான் தேடி வருவார்கள். முதுகில் பம்பு, வாயைச் சுற்றி ஒரு பழைய துண்டு, அவ்வளவுதான் இவருடைய கவசம். முகமூடி வாங்கிக் கொடுத்தேன். "இத மாட்டிக்கிட்டுப் போனா நாய் தொரத்தும்" என்று ஆணியில் தொங்கவிட்டார். கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். எதுவும் காதில் ஏறவில்லை. மற்ற எல்லாச் சண்டையிலும் நான்தான் ஜெயிப்பேன். அதனால் எனக்கு வக்கீலம்மா என்று பட்டப்பெயரே வைத்திருந்தார். அந்தத் துண்டு விஷயத்தில் மட்டும் என் பாச்சா பலிக்கவில்லை.

போன கோடையில் யாரோ ஒருவருடைய கத்தரித் தோட்டத்தில் அடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே வரப்பில் சரிந்துவிட்டார். வாயில் நுரை, உடம்பெல்லாம் வேர்வை, கண்ணின் பாப்பா கடுகாகச் சுருங்கிக் கிடந்தது. பெரியாஸ்பத்திரியில் போராடித்தான் மீட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வருஷக்கணக்கா உள்ள போயிருக்கும்மா. இன்னொரு தடவ பட்டா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது. மருந்து பக்கமே அவர் போகக் கூடாது."

அதை அப்படியே இவரிடம் சொல்லி, கூலி வேலையை நிறுத்த வைத்தேன். எங்களுக்கென்று இருப்பது வீட்டை ஒட்டிய தக்காளித் தோட்டம் ஒன்றுதான். அங்கே நான் மருந்தடித்தாலும் காற்று இவர் கட்டில் வரைக்கும் வரும். தோட்டத்தை விட்டுவிட்டு டவுனுக்குப் போகலாம் என்றால், செடியைப் பார்க்காமல் இந்த மனிதருக்கு ஒரு வாய் காப்பி இறங்காது. இவரும் இருக்க வேண்டும், தோட்டமும் இருக்க வேண்டும் என்றால், அந்த மண்ணில் விஷமே விழக் கூடாது. வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

வேளாண்மை ஆபீசில் பூச்சி மேலாண்மைக்கு வகுப்பு நடத்தினார்கள். போய் உட்கார்ந்தேன். சொல்லிக்கொடுத்த மேடம் எனக்கு மகள் வயதுதான் இருப்பாள், ஆனால் விளக்கிச் சொல்வதில் கெட்டிக்காரி. அவள் சொன்னபடி ஓரமெல்லாம் செண்டுமல்லி நட்டேன். அந்துப்பூச்சியை ஏமாற்றிப் பிடிக்கிற பொறியைக் கம்பில் கட்டினேன். ஓட்டை விழுந்த காய்களைப் பறித்துத் தூரக் கொண்டுபோய்ப் புதைத்தேன். கடைசியாக ஒட்டுண்ணி அட்டை. கையகல அட்டையில் எள்ளைத் தூவின மாதிரி கறுப்புக் கறுப்பாகப் பொடி ஒட்டியிருக்கும். அதை இலைக்கு அடியில் பின் அடித்து மாட்டினால், உள்ளேயிருந்து கண்ணுக்கே தெரியாத குளவிகள் வந்து காய்ப்புழுவின் முட்டையைத் தேடி அழிக்குமாம்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வேலியில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தார். "என்ன தங்கச்சி, பூச்சிக்கு அழைப்பிதழ் கட்டுறியா?"

இவர் அதற்கு மேல். "கூலி குடுத்துப் பூச்சிய ஒழிக்கிற ஊர்ல காசு குடுத்துப் பூச்சி வாங்கிட்டு வந்த ஒரே ஆளு என் பொண்டாட்டிதான்" என்றார். ஆனாலும் நான் அட்டை மாட்டும்போது பின்னாலேயே வந்து இலையைப் பிடித்துக் கொடுத்தார். செடிக்குள் அவர் நிற்பதைப் பார்க்க எனக்குத் தெம்பாக இருந்தது.

இவருக்குக் கண் ரொம்பக் கூர்மை. குண்டூசித் தலையளவு முட்டையை நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். ஒரு நாள் சாயங்காலம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். "முட்ட நெறைய விழுந்திருக்கு. பொரிஞ்சா ஒரு காய் தேறாது, பாத்துக்க."

"குளவி பாத்துக்கும். நீங்க சும்மா இருங்க" என்று வாயை அடைத்துவிட்டேன். எனக்கும் பயம்தான். காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த வகுப்பு அந்த வாரத்திலேயே வந்தது. மேடம் ஒரு தக்காளி இலையைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்து எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காட்டினாள். "இந்த முட்டை எப்பவும் வெளிர் மஞ்சளா இருக்கும். இங்க பாருங்க, கறுத்திருக்கா? குளவி உள்ள தன்னோட முட்டைய வெச்சிருச்சு. இதுலருந்து புழு வராது, குளவிதான் வரும். உங்க தோட்டத்துல இப்படிக் கறுத்திருந்தா மருந்தடிச்சிராதீங்க. ஜெயிச்சிட்டீங்கன்னு அர்த்தம்."

இன்னும் இரண்டு அட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். போனதும் இவரை இழுத்துக்கொண்டு போய் முட்டை கறுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கறுத்திருந்தால் இந்த வருஷம் முழுக்கச் சொல்லிக் காட்ட வேண்டும். சிரித்துக்கொண்டே வந்தேன்.

தெருமுனையிலேயே அந்த நெடி மூக்கில் ஏறியது.

தோட்டத்துத் தொட்டியோரம் உட்கார்ந்திருந்தார். பம்பை முதுகிலிருந்து கழற்றக்கூடத் தெம்பில்லை. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. செடியெல்லாம் சொட்டச் சொட்ட நின்றது.

"முட்டையெல்லாம் கறுத்துப்போச்சுடி" என்றார். நாக்கு குழறியது. "அந்த அட்டையில இருந்த கறுப்பு செடிக்குத் தொத்திக்கிச்சு. எத்தன வருஷமா இல பாக்குறேன், கறுத்தா நோவுதான். நீ வந்தா மனசு ஒடஞ்சிருவ. அதான் அதுக்குள்ள அடிச்சு முடிச்சிட்டேன். இனி பயமில்ல."

நான் அலறியதில் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வேலியைத் தாண்டி ஓடி வந்தார். அவர் வேனில்தான் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். வழியெல்லாம் தலையில் அடித்துக்கொண்டார். "அவசரம்னு கேட்டாரு, நான்தாம்மா மருந்து குடுத்தேன். உடம்புக்கு இப்படின்னு எனக்குத் தெரியாதே." தெரியாதுதான். டாக்டர் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது, பம்புக்காரன் படுத்துட்டான் என்று பேசுவார்கள் என்று இவர்தான் என் வாயைக் கட்டிப் போட்டிருந்தார். அந்த மனிதரைத் திட்ட எனக்கு நா எழவில்லை.

வார்டில் நாட்கள் ஒன்றோடொன்று கலந்து போயின. ஒரு மத்தியானம் துண்டு எடுக்கப் பையைத் திறந்தேன். வாங்கிய அட்டைகள் அதிலேயே கிடந்தன. உறைக்குள் தூசி மாதிரி என்னவோ நகர்ந்தது. குளவிகள் பொரிந்துவிட்டன. ஜன்னலைத் திறந்து உறையைக் கிழித்து உதறினேன். கீழே சிமெண்டுத் தரையும் நிறுத்தி வைத்த வண்டிகளும்தான் இருந்தன. அங்கேயே நின்று அழுதேன். இவரைச் சேர்த்த பிறகு அன்றைக்குத்தான் முதல் அழுகை.

நடுவில் ஒரு முறை வீட்டுக்குப் போனேன். தோட்டம் போய்விட்டிருந்தது. மருந்தில் குளவி செத்தது, சிலந்தி செத்தது, பொறிவண்டு செத்தது. அதற்குப் பிறகு வந்த அந்துப்பூச்சிகள் கேட்பாரில்லாமல் முட்டையிட்டிருந்தன. எந்தக் காயைத் தொட்டாலும் ஓட்டை, ஓட்டைக்குள் ஒரு புழு. பம்பைத் தூக்கித் தொட்டி விளிம்பில் அடித்தேன், அது பிளக்கிற வரைக்கும். பிறகு வரிசை வரிசையாகக் குனிந்து தேடி, ஓட்டையில்லாத பழம் ஒன்றைப் பறித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

நான் போனபோது விழித்திருந்தார். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. உள்ளங்கையில் பழத்தை வைத்தேன். உருட்டி உருட்டிப் பார்த்தார்.

"பொத்தல் இல்ல" என்றார்.

"இல்லங்க."

"எல்லாமே இப்படித்தானா?"

"எல்லாம் இப்படித்தான். நீங்க அன்னிக்கு அடிக்கலன்னா எல்லாம் போயிருக்கும்."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கு அப்படியொரு சந்தோஷம்.

"அப்ப வகுப்பு, அட்டை, குளவி?"

"எல்லாம் சும்மா. நீங்க சொன்னதுதான் சரி."

"பம்பு? கழுவிக் கவுத்து வெச்சியா? இல்லன்னா கொழாய் மூக்கு அடச்சுக்கும்."

"வெச்சிருக்கேன்."

"அடுத்த வெள்ளாமைக்கும் நானே அடிச்சுத் தரேன். நீ அலையாத."

"சரிங்க" என்றேன். "நீங்களே அடிங்க."

பழத்தைப் பிடித்தபடியே தூங்கினார். விடியும்போது நர்ஸ் வந்து அவர் விரல்களைப் பிரித்து அதை எடுத்து என்னிடம் கொடுத்தாள்.