மாஸ்டரம்மா நாற்காலி ஏறிய நாள்

மூன்று வயதில் வந்த போலியோ, மாஸ்டரம்மாவின் இடது காலைச் சூம்ப வைத்ததே தவிர அவளை ஓரிடத்தில் உட்கார வைக்கவில்லை. ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே முப்பது வருஷம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டராகத் துணி வெட்டினாள். ஐம்பத்தாறாவது வயதில் நல்ல காலும் தகராறு செய்ய ஆரம்பித்தது. மதியத்துக்குள் உடம்பு துவண்டுவிடும். கத்தரி பிடித்த கை நடுங்கும்.

"போலியோ திரும்பி வரலம்மா. இத்தனை வருஷம் கூடுதல் வேலை பாத்த நரம்பு களைச்சுப் போச்சு," என்றார் டாக்டர். "வீம்புக்கு நடந்தா இன்னும் மோசமாகும். நடுநடுவுல ஓய்வு எடுங்க. தூரத்துக்கு மோட்டார் வச்ச சக்கர நாற்காலி வச்சுக்குங்க."

"நாற்காலியா? நானா?"

மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நான்காம் நாள் பஸ் ஓட்டுநரான கணவர் எங்கேயோ ஒரு நாற்காலியை இரவல் வாங்கி வந்து தொழிற்சாலை வாசலில் இறக்கினார். "கிடங்கு வரைக்கும் போய்ப் பாரு. பிடிக்கலன்னா விட்டுடலாம்."

வேண்டாவெறுப்பாக உட்கார்ந்து கைப்பிடியில் இருந்த குமிழைத் தள்ளினாள். நாற்காலி ஊர்ந்தது. "இதுக்கா இவ்வளவு அலட்டல்?" என்று வேகத்தை ஒன்றிலிருந்து ஐந்துக்குத் திருப்பினாள்.

அவ்வளவுதான்! துணிச் சுருள்கள் இருபுறமும் பின்னால் பறந்தன. வாழ்நாளில் முதல்முறையாக ஒருவரை முந்தினாள், இஸ்திரிக்காரரை. அடுத்தது சாட்சாத் மேனேஜர்! "ஓரம், ஓரம்!" வயிற்றுக்குள் யாரோ கிச்சுகிச்சு மூட்டியதுபோல் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஏய், மெதுவா! திருப்பத்துல வேகத்தைக் குறைடி!" கல்யாணமான நாள் முதல் அவளுக்காக நடையைக் குறைத்தே பழகிய கணவர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"என்னங்க, ஆடி அசைஞ்சு வர்றீங்க? சீக்கிரம் வாங்க!"

திரும்பிப் பார்த்துச் சொன்னதுதான் தப்பு. பட்டன் பெட்டி அடுக்கில் போய் முட்டினாள். சிவப்பும் நீலமுமாகப் பட்டன்கள் தரையெங்கும் ஓடின. மேனேஜர் கோபமாகத்தான் வந்தார். அவள் கண்ணில் நீர் வழியச் சிரிப்பதைப் பார்த்ததும் அவருக்கும் தொற்றிக்கொண்டது. சிரித்தபடியே குனிந்து பொறுக்கினார்.

அன்று வேலை முடியும்வரை கை நடுங்கவில்லை. கணவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "என்ன சொல்ற?"

"நமக்குன்னு ஒண்ணு வாங்கணும். இதவிட வேகமா. இப்ப நீங்க பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போங்க. நான் கடைத்தெருவை ஒரு சுத்து சுத்திட்டு வரேன்!"