மேல்மாடி ஜன்னல்

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். எங்களுக்குக் கீழ்வீடு, பஸ் டிரைவரான அண்ணனுக்கு மேல்வீடு. தெருவாசல் இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான். ஆறு மாதமாக நான் அந்தக் கதவைத் திறக்கும்போதெல்லாம் மேலே அண்ணன் வீட்டு ஜன்னல் படாரென்று சாத்திக்கொள்ளும். என் மூஞ்சியில் முழிக்கக்கூடாதாம்! நானும் பேச்சை நிறுத்தினேன். வேறு வீடும் பார்த்துவிட்டேன். அன்று சாயங்காலம் அந்த வீட்டுக்காரருக்குப் பதில் சொல்லவேண்டும்.

என் மனைவி இந்த வயதில் தபால் வழியில் தமிழ் பி.ஏ. படிக்கிறாள். காலையில் புத்தகமும் கையுமாக என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு ராஜா, தம்பியை நாட்டைவிட்டே விரட்டிட்டு ஊர்வலம் வர்றான். குளத்துல தாமரையெல்லாம் மூடிக்குது. ஏன் சொல்லுங்க?"

"அநியாயக்காரன் மூஞ்சியைப் பாக்கப் பிடிக்கல."

"போச்சு, மார்க் போச்சு. பொழுது சாயுது, பூ மூடுது. அவ்ளோதான். காரணத்தைப் புலவர்தான் ஏத்திச் சொல்றார். அதுக்குப் பேரு தற்குறிப்பேற்றம்."

"சரி, தம்பியை ஏன் விரட்டினான்?"

"சபைக்கு வந்தப்ப தம்பி எந்திரிக்கலையாம். கால்ல அடி, எந்திரிக்க முடியல. ராஜா அதுக்குத் திமிர்னு பேரு வெச்சுட்டான்."

"கேக்கவேண்டியதுதானே முட்டாள்!"

அவள் என்னையே ஒரு மாதிரி பார்த்தாள். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. கடைச்சாவியை எடுத்துக்கொண்டு போய்த் தெருக்கதவை இழுத்தேன். மேலே படார்!

"பாத்தியா? இன்னிக்கும்!"

"யாரு சாத்துனா? உங்கண்ணன் விடியக்காலையே டூட்டிக்குப் போயாச்சு. அக்கா அவங்க அம்மா வீட்ல. மேல பேயா இருக்கு?"

கதவைச் சாத்தித் திரும்பவும் இழுத்தேன். தெருவிலிருந்து காற்று என்னைத் தாண்டிச் சரேலென்று மாடிப்படியில் ஏறியது. மேலே படார்.

"ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுறீங்க..." என்று ஆரம்பித்தாள். நான் கடைக்கு ஓடிவிட்டேன்.

சாயங்காலம் அண்ணன் வந்த சத்தம் கேட்டதும் மேலே போனேன். "ஜன்னல் கொக்கி லூசா இருக்கு போல," என்று சட்டைப்பையிலிருந்த கடை ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன்.

அண்ணன் அதை வாங்கிப் பார்த்தார். "இதை வெச்சு ஜன்னலா? ஈக்கு வேணா கண்ணாடி மாட்டலாம்."

உள்ளே போய்ப் பெரியதாக ஒன்றை எடுத்துவந்து திருகினார். முகத்தைத் திருப்பாமலே சொன்னார்: "நீ கதவை அந்த இழு இழுப்பே, இங்க ஜன்னல் அடிச்சுக்கும். எம்மேல இருக்கற காட்டத்தைக் கதவுல காட்டறியோன்னு நெனச்சேன்டா."

"கேட்டிருக்கலாம்ல?"

"நீ கேட்டியா?"

அப்போது என் போன் அடித்தது. அந்த வீட்டுக்காரர். "இல்லைங்க, வீட்டை வேற ஆளுக்கே கொடுத்துடுங்க," என்றேன்.

திருகுவதை அண்ணன் நிறுத்தினார். "என்ன வீடு?"

"ஒண்ணுமில்ல. நல்லா முறுக்குங்க."

"முறுக்கறேன். நீ கீழ போய் ஒரு தடவை கதவை இழு, பாப்போம்."

போய், எப்போதும்போலவே இழுத்தேன். சத்தமில்லை. அண்ணாந்து பார்த்தால் ஜன்னலில் அண்ணன் தலை. "காட்டான், மெதுவா இழுடா!"

உள்ளேயிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள்: "தாமரை தெறந்துடுச்சா?"