கணக்கில் வராத பதினோரு வீடுகள்

கே.ஜி.கண்டிகை ஏரிக்கரைத் தெருவில், கணக்கெடுப்பில் விடுபட்ட பதினோரு வீடுகள் ஒரு செவ்வாய்க்கிழமை தரையிலிருந்து ஒரு முழம் எழும்பி நின்றன. அவற்றைக் கணக்கில் விட்டவள் ஸ்வீட்லின். ஏரி உடைந்தால் எத்தனை வீடு விழும் என்று மதிப்பிட, வானத்திலிருந்து எடுத்த படத்தில் கூரைகளை எண்ணி, பிறகு தெருத்தெருவாக நடந்து ஓடா ஷீட்டா, மண்சுவரா செங்கல்லா என்று எழுதுவது அவள் வேலை. திருத்தணி அலுவலகத்தில் மேலாளர் ஹேமநாதன், "இந்தப் பதினொண்ணும் புறம்போக்கும்மா, எடுத்துடு," என்றார். ஒப்பந்த வேலை. எடுத்துவிட்டாள்.

முதல் மாதம் வாசலில் கல்லைப் போட்டு ஏறினார்கள். ஆடியில் ஏணி தேவைப்பட்டது. தண்ணீர் லாரிக்காரர் குழாயை நீளமாக்கிக்கொண்டார். கோழிகள் கீழேயே தங்கிவிட்டன. ஸ்வீட்லினுக்குத்தான் சோறு இறங்கவில்லை. ஒருமுறை மேலாளரைக் கேட்காமலே ஒரு வீட்டைப் பட்டியலில் எழுதினாள். அது தரைக்கு வந்தது. ஹேமநாதன் அந்த வரியை அடித்ததும் திரும்ப ஏறிக்கொண்டது.

கார்த்திகைப் புயலில் ஏரி உடைந்தது. பட்டியலிலிருந்த வீடுகளில் முப்பத்தெட்டு விழுந்தன, அவள் மதிப்பிட்டதைவிட நான்கு குறைவு. பதினோரு வீடுகளுக்கும் அடியில் வெள்ளம் சும்மா போனது, ஏணிகளை மட்டும் எடுத்துக்கொண்டு. சேதம் எழுதப் படகில் வந்த ஸ்வீட்லினை மேலிருந்து மெக்கானிக் சமியுல்லா கூப்பிட்டான்.

"அக்கா! எம் பொஞ்சாதி தஹ்சீனுக்குப் பிரசவ வலி எடுத்துச்சு. துடிச்சிகினு கீறா. எறக்க வழியில்லக்கா!"

ஸ்வீட்லின் படிவத்தை எடுத்தாள். "எழுதினா வீடு எறங்கிடும் தம்பி. மண்சுவரு, இந்தத் தண்ணியில நிக்காது."

சமியுல்லா வீட்டுக்குள்ளே திரும்பிப் பார்த்தான். உள்ளேயிருந்து தஹ்சீனின் குரல் வந்தது: "செவுரு போனா போவுதுக்கா. எழுதுங்க!"

ஷீட் கூரை, மண்சுவர், ஆட்கள் இருவர் என்று எழுதினாள். வீடு மெல்ல இறங்கி முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்தது. தஹ்சீனைப் படகில் ஏற்றித் துடுப்பு போட்டபோது பின்னால் சுவர் கரைந்து விழும் சத்தம் கேட்டது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. திருத்தணி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. சுபியா என்று பெயர் வைத்தார்கள். விழுந்துவிட்ட வீட்டை ஹேமநாதனால் பட்டியலிலிருந்து அடிக்க முடியவில்லை.

மற்ற பத்து வீடுகளும் இப்போது பனைமர உயரத்தில் நிற்கின்றன. தபால்காரர் கூடையில் கடிதம் வைத்துக் கயிற்றை அசைக்கிறார். தை மாதக் காற்றில் இரண்டு வீடுகள் எல்லை தாண்டி ஆந்திரத்து நகரிப் பக்கம் நகர்ந்தன. அந்த வீட்டுக்காரர்கள் ரேஷன் அட்டையில் முகவரி மாற்ற மனு கொடுத்திருக்கிறார்கள். மாதம் ஒருநாள் ஸ்வீட்லின் படிவத்தோடு வந்து, அண்ணாந்து, எழுதட்டுமா என்று கேட்கிறாள். "இந்த மழை போவட்டும்மா," என்று மேலிருந்து சொல்கிறார்கள். சரியென்று அடுத்த வீட்டின் நிழலுக்குப் போகிறாள்.