நோய் என்றொரு பத்திரிகை

"நோயா?"

கெங்கம்மாவின் விரலிலிருந்த எறா வழுக்கித் தொட்டிக்குள் விழுந்தது. "யாருனா புக்குக்குப் போய் நோய்னு பேர் வெப்பாங்களாமே? வேற பேரே கெடைக்கலியா அந்த ஊர்ல?"

வடசென்னை எர்ணாவூர்க் குடியிருப்பின் கீழ்த்தளமே சிரித்தது. காசிமேட்டு மீன் துறைமுகத்திலிருந்து மத்தியானம் ஆட்டோவில் எறா வந்து இறங்கும். இந்த பிளாக்கின் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தலையைக் கிள்ளி, தோலை உரித்து, நரம்பை இழுத்துப் போடுவார்கள். சிரித்தவர்களில் மெஹ்னாஸ்தான் மோசம். பிள்ளைத்தாய்ச்சி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"நோய் இல்லைக்கா," என்றாள் ஷைனி. "இத்தாலியில் அதுக்கு அர்த்தம் வேற. அதாவது..."

அதாவது என்ன? அங்கேதான் அவளுக்கு நாக்கு மாட்டிக்கொண்டது. நாம் என்று சொல்வதா, நாங்கள் என்று சொல்வதா? இந்த இத்தாலிக்காரர்களிடம் எல்லாம் தாராளம், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சரியான கஞ்சத்தனம். கேட்கிறவரையும் உள்ளே இழுத்துக்கொள்கிற நாமுக்கும், கேட்கிறவரை வாசலிலேயே நிறுத்திவிடுகிற நாங்களுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள். நோய். அவ்வளவுதான். உள்ளேயா வெளியேயா என்று நீயே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பதினான்கு வருடம் பார்த்தும் ஷைனிக்கு அது தெரியவில்லை. அந்த வயிற்றெரிச்சலோடுதான் ஊருக்கு வந்திருந்தாள்.

கன்னியாஸ்திரீ ஆகப் போகிறேன் என்று ராயபுரத்திலிருந்து பதினெட்டு வயதில் ரோமுக்கு விமானம் ஏறியவள். மடம் ஒத்துவரவில்லை. வெளியே வந்தவளுக்கு ஊர் திரும்ப வெட்கம். லுச்சியா என்ற கிழவியைக் கவனித்துக்கொள்ளும் வேலை கிடைத்தது, அங்கேயே தங்கிவிட்டாள். அந்த லுச்சியா சும்மா கிழவி இல்லை. பெண்களே எழுதி, பெண்களே அச்சடித்து, எந்தக் கட்சிக்கும் எந்த முதலாளிக்கும் கைகட்டாமல் நடத்திய நோய் என்ற பத்திரிகையைத் தொடங்கியவர்களில் ஒருத்தி. கண் மங்கிய பிறகு பழைய இதழ்களை ஒவ்வொன்றாக ஷைனியை வாசிக்கச் சொல்லிக் கேட்பாள். ஒரு பெண்ணுக்கு எழுந்து நடக்கவே முடியாத வயதிலும் இத்தனை கோபம் மிச்சமிருக்கும் என்பதை ஷைனி அங்கேதான் பார்த்தாள்.

லுச்சியா போய்ச் சேர்ந்தபின், ஒரு பெட்டி நிறைய பத்திரிகையும் கொஞ்சம் துணியுமாக ஷைனி அக்கா சில்வியாவின் வீட்டில் வந்து இறங்கினாள். அக்கா குடும்பம் ராயபுரத்தை விட்டு எர்ணாவூருக்கு வந்து வெகுகாலமாகியிருந்தது. இத்தாலியில் ஷைனிக்கு இருந்த குடியிருப்பு அனுமதி ஒரு வருடம் வெளியே இருந்தால் செத்துப்போகும். கிறிஸ்துமஸுக்கு முன் திரும்பிப் போனால் உண்டு, இல்லையென்றால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். போவதா, இருப்பதா? இருப்பதென்றால் யாரோடு? அக்கா வீட்டில் சோற்றுக்குக் குறையில்லை. ஆனால் அந்த வீட்டுப் பேச்சில் ஒரு முள் இருந்தது.

"நாங்க டிசம்பர்ல வேளாங்கண்ணி போறோம்," என்பாள் சில்வியா, இவளுக்கு மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே. "நாங்க இந்த ஹால்ல சுண்ணாம்பு அடிக்கலாம்னு கீறோம்." துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற அவள் புருஷன் இக்னேஷியஸும் அப்படித்தான். நாங்க, நாங்க, நாங்க. ஒவ்வொரு நாங்கவுக்கும் ஷைனியின் நாற்காலி சுவர்ப்பக்கம் ஓர் அங்குலம் நகரும். சொந்தப் பாஷையாயிற்றே, ஒளித்துக்கொள்ள இடமே இல்லை.

மூன்று மாதமாக இருமல் வேறு. "உனுக்கு இந்த ஊர் காத்து ஒத்துக்கல, ரோமு தான் லாயக்கு," என்று சில்வியா கஷாயம் வைத்துத் தருவாள். கஷாயத்தைக் குடிப்பதா, அந்தப் பேச்சைக் குடிப்பதா என்று தெரியாமல் ஷைனி கீழே இறங்கி வந்து எறா உரிப்பவர்களோடு உட்கார்ந்துகொள்வாள். அப்படித்தான் இந்தக் கதை தொடங்கியது.

"சரி, பேரு கெடக்குது. மேல சொல்லு," என்றாள் கெங்கம்மா.

ஷைனி சொன்னாள். ரயில் யார்டை ஒட்டிய ஒரு பேட்டை, ஒரு சமையலறை. ஒரு டீச்சர், ஒரு டெலிபோன் ஆபரேட்டர், ஒரு தையல்காரி, பிஸ்கட் கம்பெனியில் வேலை பார்த்த லுச்சியா. அச்சாபீஸ்காரன், "உங்கள் புருஷன்மார் கையெழுத்து வாங்கி வாருங்கள்" என்றானாம். அட போடா என்று எழுந்து வந்து, பள்ளிக்கூடம் ஒன்று தூக்கியெறிந்த கைசுற்று அச்சு மெஷினை வாங்கிச் சமையல் மேஜையிலேயே போட்டார்கள். மை ஒழுகிச் சோற்றில் விழும். கறுத்த சோற்றைத் தின்றுகொண்டே அடித்தார்கள்.

"அய்ய!" என்றாள் மெஹ்னாஸ். "கலீஜ்."

"பத்திரிகைக்கு ஆசிரியர் கிடையாது. கட்டுரைக்குக் கீழே பேரும் கிடையாது. எல்லாத்துக்கும் அடியில் ஒரே சொல், நோய். போலீஸ் வந்து இதை எழுதினது யாருன்னு கேட்டால், அங்கே இருக்கிற அத்தனை பேரும் நோய்னு சொல்லுவாங்க."

"சோக்கா கீதே!" கெங்கம்மாவுக்கு அது பிடித்துவிட்டது.

அன்றிலிருந்து தினம் பிற்பகல் கதைதான். "நேத்து எங்க வுட்ட?" என்று யாராவது எடுத்துக் கொடுப்பார்கள். முகப்பூச்சு விளம்பரம் வேண்டாம் என்று திருப்பியனுப்பிவிட்டுப் பட்டினி கிடந்தது ஒருநாள். பங்குச் சாமியார் பிரசங்கத்தில் திட்டியதும், மறுவாரம் கோயில் வாசலிலேயே பத்திரிகை விற்றுத் தீர்ந்தது ஒருநாள். விரல்கள் பாட்டுக்கு உரித்துக்கொண்டிருக்கும். வெயில் தணிந்து, அனல்மின் நிலையத்துப் பக்கமிருந்து சாம்பல் பொடி மெல்ல இறங்கும் நேரத்தில் ஷைனிக்குக் கண் செருகினாற்போல ஆகிவிடும். அது பிஸ்கட் கம்பெனி மாவுத் தூசியா, கொடியில் காயும் புடவைமேல் படிகிற சாம்பலா? மெஷினின் கைப்பிடியை யார் சுற்றுகிறார்கள்? டீச்சர் என்று நினைத்துப் பார்த்தால் மூக்குத்தி போட்டுக்கொண்டு கெங்கம்மா நிற்கிறாள். ஈரத் தாள்களைச் சமையலறைக் கொடியில் கிளிப் போட்டு மாட்டுகிறவளுக்கு மெஹ்னாஸின் வயிறு. ஜன்னலுக்கு வெளியே ரயில் கூவுகிறது. தண்டையார்பேட்டைக்குப் போகிற சரக்கு வண்டி. தான் பிறப்பதற்கு முன் நடந்த அந்தச் சமையலறையில் ஷைனியும் எங்கோ ஒரு மூலையில் இருந்தாள். ஆனால் அவள் கையில் தாள் இல்லை. கை சும்மாவே இருந்தது.

அந்தப் பெண்களுக்குள் வந்த ஒரு சண்டையின் கதையை மட்டும் அவள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். கெங்கம்மா விடுகிற ஆளா? "இத்தினி பொம்பளைங்க ஒண்ணா கீறாங்க, ஒரு சண்டை கூட வர்லன்னா நா நம்பவே மாட்டேன்," என்றாள்.

வந்தது. கூட்டம் நடக்கும்போது பக்கத்து அறையில் இவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு வேலைக்காரி இருந்தாள். ஒருநாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே உள்ளே வந்தாள். "நீங்கள் இங்கே நோய் நோய் என்று எழுதுகிறீர்கள். அந்த நோயில் நான் இருக்கிறேனா?" என்று கேட்டாள். சிலர் அழுதார்கள். சிலர் கோபித்துக்கொண்டு போய் வேறு பத்திரிகை தொடங்கினார்கள். லுச்சியா மட்டும் அந்தப் பெண் கையிலிருந்த பிள்ளையைத் தான் வாங்கிக்கொண்டு, அவளை மேஜையில் உட்காரச் சொன்னாள்.

"பெரிய மனசு தான் அந்தக் கெய்விக்கு," என்றாள் மெஹ்னாஸ்.

இந்தக் கதையை லுச்சியா சொன்னபோது ஷைனி அவள் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். சிஞ்ஞோரா, உங்கள் நோயில் நான் இருக்கிறேனா? வாய்வரை வந்துவிட்டது. கேட்கவில்லை. நாளைக்குக் கேட்கலாம் என்று நினைத்தாள். அப்படி நினைத்தே வருடங்கள் போய்விட்டன. அடக்கத்தன்று லுச்சியாவின் தம்பி மகன் முன்வரிசையைக் காட்டி, "நோய், குடும்பத்தார், இங்கே உட்காருகிறோம்" என்றான். அது எந்த நோய் என்பதில் சந்தேகமே இல்லை. ஷைனி பின்னால் போய் நின்றுகொண்டாள்.

அடக்கத்தைப் பற்றி மட்டும் அவர்களிடம் சொன்னாள். கெங்கம்மா எறாத் தொட்டியை இவள் பக்கம் தள்ளினாள். "சும்மா குந்திகினு கதை வுட்டா ஆச்சா? ரெண்டு உரி."

அந்த வாரத்தில்தான் அந்த நாற்றம் வந்தது. மூன்று மணி இருக்கும். முதலில் மூக்கில் ஊசி குத்தினாற்போல, பிறகு கண்ணில் மிளகாய் தேய்த்தாற்போல. எங்கிருந்து என்று யாருக்குத் தெரியும், சுற்றிலும் புகைபோக்கிதான். "வாயு! ஓடு!" என்று யாரோ கத்தினார்கள். ஷைனிக்கு இருமல் பிடித்துக்கொண்டது, மூச்சு உள்ளே போகவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மடங்கியவளின் முகத்தில் ஈரத்துணி ஒன்று அழுந்தியது. கெங்கம்மா தன் முந்தானையைத் தண்ணீரில் முக்கி இவள் மூக்கில் கட்டினாள். மிச்சத் துணியைத்தான் தன் வாயில் சுற்றிக்கொண்டாள். ஒரு கையில் மெஹ்னாஸ், ஒரு கையில் ஷைனி. மூவருமாக மெயின் ரோட்டுக்கு ஓடினார்கள். அந்த ஓட்டம்கூட ஷைனிக்குக் கனவில் ஓடுவது மாதிரிதான் இருந்தது. புடவை நுனியில் எறா வாடை. அதைவிட நல்ல வாசனையை அவள் ரோமில்கூட முகர்ந்ததில்லை.

மறுநாள் பேப்பரில் இரண்டு வரி வந்தது. லேசான வாசனை உணரப்பட்டது, யாருக்கும் பாதிப்பில்லை.

"யாருக்கும்னா?" கெங்கம்மா பேப்பரைக் கசக்கினாள். கண் இன்னும் சிவந்திருந்தது. "நம்ம எல்லாம் யாரு? எறாவா?"

மெஹ்னாஸ் ராத்திரி முழுக்க வயிற்றில் கை வைத்துப் பிள்ளை அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தவள். அவள்தான் சொன்னாள். "யக்கா, அந்த ரோமு பொம்பளைங்க மாதிரி நம்மளே போட்டா இன்னா? நா போன்ல அடிக்கிறேன், மார்க்கெட்டாண்ட ஜெராக்ஸ் கடைல எடுத்துக்கலாம்."

ஒரே தாள், இரண்டு பக்கம். யாருக்கு என்ன ஆயிற்று என்று ஒவ்வொருத்தியும் சொல்லச் சொல்ல ஷைனி எழுதினாள், மெஹ்னாஸ் அடித்தாள். பேர் போடக் கூடாது என்பதில் எல்லோருக்கும் ஒரே முடிவு. பேர் போட்டால் புருஷன் கேட்பான், கவுன்சிலர் ஆள் கேட்பான். கடைசியில் தலைப்பு வந்தது. அனுமதி சாவதற்குள் போய்விடலாம் என்று ஷைனி டிக்கெட் எடுத்திருந்தாள், அடுத்த வாரம் அவளுக்கு விமானம்.

"நாங்கள்னு வெச்சுக்கோங்க," என்றாள் மெதுவாக. வெச்சுக்கலாம் என்றல்ல, வெச்சுக்கோங்க என்று தன்னைப் பிரித்துத்தான் சொன்னாள். போகிறவள் அப்படித்தானே சொல்ல வேண்டும்.

"அதெல்லாம் வாணாம்," என்றாள் கெங்கம்மா. "நோய்னே போடு."

"ஐயோ, அது இத்தாலி பாஷைக்கா. இங்க படிக்கிறவங்க வியாதின்னு நெனைப்பாங்க."

"நெனைக்கட்டுமே! வியாதி தானமே? தொடப்பத்தால அள்ளுற சாம்பலு, கண்ணெரிச்சலு, இவ வவுத்துல கீற புள்ளைக்கு மூச்சு. இந்த பிளாக்குல இந்து, முஸ்லீமு, கிறிஸ்டீனு எல்லாத்துக்கும் பொதுவா இன்னா கீது, சொல்லு. அது ஒண்ணு தான். எவன் வந்து யாரு எழுதினதுன்னு கேட்டாலும் நோய்னு சொல்வோம். தலையைப் பிச்சிகினு போவட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஷைனியும் சிரிக்கப்போனாள், இருமல் வந்துவிட்டது. குனிந்து, முதுகு குலுங்க இருமினாள்.

கெங்கம்மா அவள் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். "பாரு, இவளுக்கும் தான் கீது. நீயும் நோய் தான்மே."

இருமலோடு சேர்ந்து அழுகையும் வந்தது. யாரும் சமாதானம் சொல்லவில்லை. எறா கெட்டுப்போய்விடும் என்று உரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். இத்தனை வருடம் கேட்காத கேள்விக்கு, ஐயோ, கேட்காமலேயே பதில் வந்துவிட்டது. லுச்சியாவிடமும் அன்றே கேட்டிருக்கலாம். அவளும் இப்படித்தான் முதுகில் ஒன்று போட்டிருப்பாளோ, என்னவோ. கேட்காமல் வாசலில் நின்றது யார் குற்றம்?

சாயங்காலம் மாடியேறிப் போனாள். சில்வியா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். வெளியே சாம்பல் இறங்குவது தெருவிளக்கில் மாவு சலிப்பதுபோலத் தெரிந்தது. இக்னேஷியஸ் இன்னும் வரவில்லை.

"அக்கா," என்றாள் ஷைனி. "வேளாங்கண்ணிக்கு நாம எப்போ போறோம்?"

சில்வியாவின் கரண்டி கல்லிலேயே நின்றது. தோசை தீய்ந்துகொண்டிருந்தது. அவள் திரும்பவில்லை.

"ரோமு?"

"போகல."

"நீ பூடுவ, பூடுவன்னு..." சில்வியா புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "அன்னிக்கி ஏர்போர்ட்ல வுட்டுட்டு வந்த நாள்லேர்ந்து நாம நாமன்னு சொல்லி சொல்லி, பக்கத்துல ஆளே இல்லாம நா பட்ட பாடு எனுக்கு தான்டீ தெரியும். அப்புறம் நாக்கு அதுவாவே நாங்கன்னு பழகிகிச்சு."

தீய்ந்த தோசையைச் சுரண்டி எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். புதிதாக ஒன்று ஊற்றி ஷைனியின் பக்கம் தள்ளினாள்.

"உன் மாமா வரட்டும்," என்றாள். "ட்ரெயின்ல இன்னோரு டிக்கெட் போடச் சொல்றேன்."