ஐம்பத்து மூன்றை ஐம்பது என்றவள்

எடை மெஷின் பழுது பார்ப்பவளுக்கே எடை மெஷினைக் கண்டால் பயம் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் ஏழு மாதக் கர்ப்பிணியான அவளுக்கு, பிரசவ ஆஸ்பத்திரி ஹாலில் இருந்த அந்த ஒரு மெஷின் என்றால் பயம்தான்.

எல்லாம் அங்கிருந்த நர்ஸால் வந்தது. அந்த அம்மாவுக்கு மெதுவாகப் பேச வராது. போன மாதம் இவள் ஏறி நின்றதும், "எண்பத்தொண்ணு" என்று ஏலம் போட்டார். கூட வந்த மாமியாராவது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "பிள்ளை ஒரு பக்கம் வளருது, இவ ஒரு பக்கம் வளர்றா" என்றார். ஹாலே சிரித்தது. இவளும் சிரித்துவைத்தாள். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து கண்ணாடி இருக்கும் பக்கமே போவதில்லை.

அடுத்த வாரமே அந்த மெஷின், சரிபார்ப்பதற்காக அவள் வேலை செய்யும் கடைக்கு வந்து சேர்ந்தது. எடைக்கற்களை ஏற்றி, "இது ஐம்பது கிலோ" என்று அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அவள் ஐம்பத்து மூன்றை ஏற்றி, ஐம்பது என்று கற்றுக்கொடுத்தாள். மெஷின் பாவம், நம்பிவிட்டது. காலியாக இருக்கும்போது பூஜ்யம்தான் காட்டும். யாருக்கும் சந்தேகம் வராது.

இன்று அவள் தைரியமாக ஏறினாள்.

"அதே எண்பத்தொண்ணு. கூடலையே" என்றார் நர்ஸ்.

"வாயைக் கட்டுறா" என்றார் மாமியார் பெருமையாக. அவளுக்கு உச்சி குளிர்ந்தது.

அடுத்து ஏறியது ஒல்லியான ஒரு சின்னப் பெண்.

"நாப்பத்தஞ்சு. போன மாசம் நாப்பத்தாறு. வயித்துல பிள்ளைய வெச்சிக்கிட்டு எவளாவது இறங்குவாளா? நீ சாப்பிடுறியா இல்லையா?"

"சாப்பிடுறேன் சிஸ்டர். பிடிக்காட்டியும் சாப்பிடுறேன்."

"குழந்தை வளருதான்னே தெரியல. டாக்டரம்மா வரட்டும், உக்காரு."

அந்தப் பெண் இவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

இவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நர்ஸின் காதில் மட்டும் சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்தக் காதில் போனது அடுத்த நிமிடமே வாய் வழியாக ஹாலுக்கு வந்துவிடும். அவளே எழுந்து நின்றாள்.

"அந்த மெஷின் குறைச்சுக் காட்டுது சிஸ்டர். கடைக்கு வந்தப்போ நான்தான் அப்படி வெச்சேன்."

"எதுக்கு?"

"என் எடையைக் கேட்டு எல்லாரும் சிரிச்சாங்க. அதான்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மாமியார் தரையைப் பார்த்தார். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

சின்னப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தாள். "அப்போ நான் கூடித்தான் இருக்கேனா அக்கா?"

"ஆமாம்மா. ஒண்ணரை கிலோவுக்கு மேலயே கூடியிருக்கே."

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "நான் கூடியிருக்கேனாம்" என்று பக்கத்திலிருந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். பிறகு நகர்ந்து இடம் விட்டு, "நிக்காதீங்க அக்கா, கால் வலிக்கும்" என்றாள்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.